கிளைச் சிறையின் மூன்று மூலைகள்

பழைய சப்ஜெயில் கட்டடம் ஒன்றைப் பழுதுபார்த்து வாசிப்பறையாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டார்கள். ஒரு நாள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பதினோரு மாதம் ஆயிற்று. அதில் பாதியைத் தின்றவை மூன்று அறைகளின் மூன்று மூலைகள். ஒவ்வொன்றும் ஒரு பாய் அகலம்கூட இருக்காது.

ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். கிழக்குக் கடற்கரையிலிருந்து ஒரு மணி நேரம் உள்ளே தள்ளி இருக்கும் தாலுகா ஊர். பழைய தாலுகா கச்சேரி வளாகத்துக்குள் நுழைந்தால் எதிரே கச்சேரி, இடது கைப்பக்கம் கருவூல அறை, வலது கைப்பக்கம் நம் கட்டடம். மூன்று அறை, முன்னால் பாராக்காரர் நடக்க ஒரு வராந்தா, பின்னால் உயரமான மதில் வைத்த முற்றம். சுவர் இரண்டடி கனம். அறை ஒவ்வொன்றும் பன்னிரண்டுக்குப் பத்து, உயரம் பதிமூன்றடி. பின்சுவர்ச் சாளரம் ஒன்பதரை அடியில்தான் தொடங்குகிறது. எம்பிக் குதித்தாலும் கை எட்டாது. கைதிகளை வேறு இடத்துக்கு மாற்றிய பிறகு இங்கே பழைய பதிவேடுகள், அப்புறம் தேர்தல் பெட்டிகள், கடைசியாக ஓடாத இரண்டு சைக்கிள் என்று போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள்.

ஜெயில் எதற்குத் தாலுகா ஆபீசுக்குள் இருக்கிறது என்று வேலைக்கு வந்த பையன்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கம்பெனி காலத்தில் வரி வசூலிப்பவரும் தாசில்தார், போலீஸ் வேலை பார்ப்பவரும் அவரே. இரண்டும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை 1855-இல் வந்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கை பக்கம் பக்கமாகச் சொல்கிறது. விரலைக் கிட்டி போட்டு நசுக்குவது, ஆளை வளைத்துக் கட்டி வெயிலில் போடும் அண்ணாந்தாள் எல்லாம் அதில் உண்டு. அந்த அமளிக்குப் பிறகுதான் 1859-இன் 24-ஆவது சட்டம் போலீஸைத் தனித் துறையாக்கியது. ஆனால் மாஜிஸ்திரேட் அதிகாரம் தாசில்தாரிடமே நின்றது. அவர் ரிமாண்டு செய்கிற ஆளையும், சின்னக் குற்றத்துக்குச் சில நாள் தண்டனை கொடுத்த ஆளையும் வைக்க ஓர் இடம் வேண்டும். அது அவர் கண்பார்வையிலேயே இருக்க வேண்டும். எங்கள் வராந்தாவின் நடுவில் நின்றால் மூன்று அறைக் கதவும் தெரியும், தலையைத் திருப்பினால் கருவூலக் கதவும் தெரியும். பணத்துக்கும் மனிதனுக்கும் ஒரே பாரா. வருவாய் அதிகாரியையும் நீதி மாஜிஸ்திரேட்டையும் நாடு முழுக்க ஒரே சீராகப் பிரித்து வைத்தது 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம். அது அமலுக்கு வந்தது 1974 ஏப்ரல் 1-இல்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1894-ஆம் ஆண்டுச் சிறைச்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, சிறை என்றால் என்ன என்று சொல்லிவிட்டு, கிளைச் சிறை என்று அரசு அறிவித்த இடம் அதில் சேராது என்று கழித்துவிடுகிறது. இரண்டடிச் சுவரும் இரும்புக் கம்பியும் இருந்தும், சட்டத்தின் கண்ணுக்கு இது சிறை இல்லை. இதை மேஸ்திரியிடம் சொன்னேன். “உள்ள இருந்தவன்கிட்டச் சொல்லிப் பாருங்க தம்பி” என்றார்.

மேஸ்திரி காரைக்குடிப் பக்கத்துக்காரர். செட்டியார் வீடுகளில் காரை வேலை பார்த்தே எழுபது வயதைத் தொட்டவர். சுண்ணாம்பு வேலை தெரிந்த கை வேண்டுமென்று தேடிப் போய் அழைத்து வந்தேன். அவர் இல்லாமல் இந்த வேலை நடந்திருக்காது. நான் படித்த சிவில் படிப்பில் சுண்ணாம்புக்கு ஒதுக்கியது மொத்தம் நாலு பக்கம்.

வேலை மாசியில் தொடங்கியது. முதல் காரியம், சிமென்ட்டைப் பெயர்ப்பது. யாரோ எப்போதோ உள்சுவர் முழுக்க இடுப்பளவுக்கு சிமென்ட் பூசியிருந்தார்கள். பார்க்கக் கெட்டியாக இருந்தது. ஆனால் சிமென்ட் எங்கே முடிகிறதோ அங்கிருந்து மேலே ஓரடிக்குப் பழைய காரை ஊதி, தட்டினால் தகர டப்பா மாதிரிச் சத்தம் போட்டது. காரணம் எளிது. அந்தக் காலத்து அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. தரையின் ஈரம் செங்கல் வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புக் காரை அதை அப்படியே வெளியே விட்டுவிடும். சுவர் நனையும், காயும், நனையும், காயும். சிமென்ட் அந்த வாயை மூடிவிடுகிறது. ஈரம் என்ன செய்யும்? வழி கிடைக்கும்வரை மேலே ஏறும். நூறு வருஷமாக முழங்காலோடு நின்ற ஈரம் மார்புக்கு வந்திருந்தது.

கட்டியவர்களிடம் சிமென்ட் இல்லை. போர்பந்தர் ஆலை 1914-இல்தான் ஓடத் தொடங்கியது. அதற்கு முன் நம் பக்கத்தில் கட்டியது பெரும்பாலும் சுண்ணாம்பில்தான். இந்தக் கட்டடத்துக்கு ஒரு கீழ் எல்லையும் கிடைத்தது. வராந்தாவின் குறுக்கே போகும் இரும்பு உத்தரத்தின் பெயின்ட்டைச் சுரண்டியபோது டார்மன் லாங் என்று முத்திரை எழும்பியிருந்தது. இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோவில் 1875-இல் தொடங்கிய கம்பெனி. சிட்னித் துறைமுகப் பாலத்தைக் கட்டியதும் அவர்கள்தான். ஆக, அதற்குப் பிந்தைய கட்டடம். அந்த உத்தரம் இன்னும் நேர்கோடாக நிற்கிறது. தொடவே இல்லை, பெயின்ட் மட்டும் அடித்தோம்.

சிமென்ட்டைப் பெயர்க்க மூன்று வாரம். டிரில் வேண்டாம் என்று மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார். உளியும் சின்னச் சுத்தியலும்தான். அவசரப்பட்டால் சிமென்ட்டோடு செங்கலின் முகமும் பிய்ந்து வரும். முகம் போன செங்கல் பஞ்சு மாதிரி, ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் சுண்ணாம்பு. கடற்கரைப் பக்கத்துச் சூளையிலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு மூட்டையாக வந்தது. கிளிஞ்சலோ சுண்ணாம்புக் கல்லோ, தொள்ளாயிரம் டிகிரி பக்கம் சுட்டால் கரியமில வாயு போய்விடும். நூறு கிலோ ஐம்பத்தாறு கிலோவாகிவிடும். அதில் தண்ணீர் விட்டு நீற்றுவதைக் கொத்தனார்கள் தாளிப்பது என்பார்கள். சமையலறை வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செய்து பார்த்த அன்றுதான் வார்த்தையின் பொருத்தம் தெரிந்தது. தொட்டி கட்டும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மில் அரை மூட்டையைக் கொட்டித் தண்ணீரை ஊற்றினேன். முதலில் ஒன்றுமில்லை. ஒரு நிமிஷம் கழித்துச் சடசடவென்று பொரிந்தது. ஆவி கிளம்பியது. டிரம் இடுப்பில் மடங்கிச் சரிந்து, கொதிக்கிற வெள்ளைக் குழம்பு முற்றமெல்லாம் ஓடியது. நல்லவேளை, யாரும் பக்கத்தில் இல்லை. மேஸ்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடியே பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை நான் வருவதற்குள் செங்கல் தொட்டி கட்டி முடித்திருந்தார். சுண்ணாம்பைத் தண்ணீரில் கொட்டுவதா, சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றுவதா என்று கேட்டால் முதலாவதுதான். கண்ணாடி இல்லாமல் கிட்டே போகக் கூடாது.

தாளித்த சுண்ணாம்பைத் தண்ணீர் நிற்கும்படி மூடி ஒரு மாதம் ஊறவிட்டோம். வெண்ணெய் மாதிரி ஆனது. ஒரு பங்குக்கு இரண்டு பங்கு மணல், மணலில் கால்வாசிக்குப் பதிலாகச் செங்கல் தூள். கடுக்காயை நசுக்கி வெல்லத்தோடு தண்ணீரில் நாலைந்து நாள் ஊறப்போட்டு, புளித்து நுரைத்ததும் வடிகட்டி அந்தத் தண்ணீரில் குழைப்பது. அந்த நாட்களில் வளாகமே கள்ளுக்கடை வாசனை அடித்தது. கச்சேரிக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வைகாசிக்குள் மூன்று அறைக்கும் பூச்சு முடிந்தது. ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு இரண்டு வாரம் காத்தோம். சிமென்ட் பழக்கத்தில் வந்த பையன்களுக்கு இது பொறுக்கவில்லை. சுண்ணாம்பு இறுகுவது காற்றிலிருக்கும் கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான், அதாவது சூளையில் விட்டதைத் திரும்பப் பெற்றுக் கல்லாவது. அவசரப்படுத்த வழியில்லை.

ஆடிக் காற்று அடிக்கிற நேரத்தில்தான் முதல் தகராறு. முதல் அறையில், கதவுக்கு எதிர்மூலையில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் வரைக்கும் சுவரில் வெள்ளையாக மீசை முளைத்திருந்தது. விரலால் தடவினால் உதிரும், ஊதினால் பறக்கும். அதன் பின்னால் பூச்சு மாவாகியிருந்தது. கலவையில் ஏதோ குறை என்று பெயர்த்துவிட்டு மறுபடி பூசினோம். அதற்குள் இரண்டாம் அறையிலும் அதே மாதிரி. அப்புறம் மூன்றாவதிலும். மணலில் உப்பு இருக்கிறதென்று மணல்காரரிடம் சண்டை போட்டேன். பாவம், அவர் மணல் நல்ல மணல். புரட்டாசியில் முதல் மழை விழுந்த வாரம் மூன்று மூலையும் ஒரே சமயத்தில் கொட்டின. வேறெங்கும் ஒரு கீறல்கூட இல்லை.

மேஸ்திரி குந்தி உட்கார்ந்து அந்த வெள்ளை மீசையை விரலில் எடுத்தார். பழைய ஆட்கள் செய்வது போல நாக்கில் வைத்தார். யோசித்தார்.

“உப்பு மாதிரிதான் இருக்கு. ஆனா கடல் உப்பு இல்ல தம்பி. நாக்குல சில்லுன்னு இருக்கு.”

எனக்குச் சுரீரென்றது. நாக்கில் குளிர்கிற உப்பு வெடியுப்பு. அவரிடம் உடனே சொல்லவில்லை. முதலில் உறுதிசெய்துகொள்ளலாம் என்று, சுரண்டிய தூளை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, சுண்டக் காய்ச்சி, அதில் ஒரு காகிதத் துண்டை நனைத்து வெயிலில் காயவைத்தேன். சாயங்காலம் அதன் ஓரத்தில் ஊதுபத்தி நெருப்பை வைத்தேன். சாதாரணக் காகிதம் என்றால் கருகி நின்றிருக்கும். இது சீறிக்கொண்டு, பொறி பறக்க, புழு ஊர்கிற மாதிரி ஒரு கோடாக எரிந்துகொண்டே போனது.

வெடியுப்பு சுவரில் எங்கிருந்து வரும்? துப்பாக்கி மருந்துக்கு அதைத் தேடியவர்களுக்கு இது தெரிந்த விஷயம். மாட்டுக் கொட்டில் மண், பழைய மண்சுவர், மனிதரும் மாடும் தலைமுறையாகச் சிறுநீர் விட்ட இடம். அங்கே நுண்ணுயிர்கள் சிறுநீரின் சத்தை நைட்ரேட்டாக மாற்றிவைக்கும். மண்ணை அலசிக் காய்ச்சினால் உப்பு. பீகாரில் இப்படிக் காய்ச்சிய வெடியுப்பைத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக ஏற்றிப்போனது.

அறைக்குள் கழிப்பிடம் கிடையாது. மாலையில் பூட்டினால் காலையில்தான் திறப்பு. இடைப்பட்ட நேரத்துக்கு மூலையில் வைத்திருக்கும் சட்டிதான். விளக்கைப் பிடித்துத் தரையைப் பார்த்தேன். மூன்று அறையிலும் அந்த மூலைக் கல்லில் ஒரு வட்டம் தேய்ந்திருந்தது, தோசைக்கல் அளவுக்கு. வைகாசியில் அந்தக் கல்லைக் கழுவியவனும் நான்தான், அப்போது கண்ணில் படவில்லை. பெண்களுக்கென்று மதில் தடுத்துத் தனியாக வைத்திருந்த மூன்றாம் அறையிலும் அதே மூலை, அதே வட்டம். கதவிலிருந்து எது அதிகத் தூரமோ அந்த மூலை. கூட இருப்பவர்களின் கண்ணிலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு. தள்ளிப்போனால் பதினைந்து அடி.

மேஸ்திரியிடம் சொன்னேன். ஐந்து நிமிஷம் குழாயடியில் வாய் கொப்பளித்தார். அப்புறம் சிரித்துவிட்டார். “எத்தனையோ வீட்டுச் சுவத்தை நக்கியிருக்கேன். ஜெயிலை நக்கினது இதான் முதல்” என்றார்.

இது செங்கல்லின் வயிற்றுக்குள் ஊறிய உப்பு. மழைக்காலக் காற்றின் ஈரத்தைத் தானே இழுத்துக் கரையும். காற்று காய்ந்ததும் மேலே வந்து படிகமாகும். படிகம் வளர இடம் வேண்டும், பூச்சின் துளைகளுக்குள் அது வளரும்போது பூச்சைப் பிளந்துவிடும். எவ்வளவு நல்ல காரை பூசினாலும் இதுதான் கதி. மேலே சிமென்ட்டைப் பூசி மறைத்தவர்களும் ஒருவேளை இதனோடு மல்லுக்கட்டித் தோற்றவர்களாக இருக்கலாம். அதற்குப் பிறகு அவர்களைத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டேன்.

செய்தது இதுதான். மூலையில் இரு பக்கமும் நாலடிக்குப் பூச்சை முழுக்க எடுத்தோம். செங்கல் இடுக்குச் சாந்தை ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டினோம். பழைய செய்தித்தாளை ஊறவைத்து உரலில் இடித்த கூழோடு சலித்த களிமண்ணும் கொஞ்சம் பொடிமணலும் சேர்த்துப் பிசைந்து, சுவரை நனைத்துவிட்டு, அரை அங்குலக் கனத்துக்குப் பற்றுப் போட்டோம். கட்டிக்குப் பற்றுப் போடுவது போலத்தான். ஈரம் செங்கல்லுக்குள் போய் உப்பைக் கரைக்கும். பற்று காயும்போது அந்தத் தண்ணீர் வெளியே வரும், உப்பு பற்றில் தங்கிவிடும். காய்ந்து வெடித்ததும் பெயர்த்து, வளாகத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். முற்றத்தில் போட்டால் மழையில் கரைந்து திரும்பவும் அஸ்திவாரத்துக்கே வரும்.

ஐப்பசியில் பற்று காய்வதாவது! ஒரு சுற்றுக்கு மூன்று வாரம் ஆனது. இரண்டு மின்விசிறியை வாடகைக்கு எடுத்து ஓடவிட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் பெயர்த்த பற்றிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கரைத்துக் காகிதச் சோதனை. முதல் சுற்றுக் காகிதம் மத்தாப்பு மாதிரி எரிந்தது. இரண்டாவது கொஞ்சம் சாந்தம். மூன்றாவது விட்டுவிட்டுப் பொறிந்தது. நாலாவது வெறுமனே புகைந்து அணைந்தது. பெண்கள் அறைக்கு மட்டும் ஐந்து சுற்று ஆனது.

அதன் பிறகும் அந்த மூலைகளில் நல்ல காரை பூசவில்லை. வெல்லமும் கடுக்காயும் சேர்க்காத, மணல் கூடிய, வேண்டுமென்றே பலவீனமான கலவை. மிச்ச உப்பு வந்தால் அது உடையட்டும், செங்கல் தப்பிக்கட்டும் என்பதுதான் கணக்கு. சில வருஷத்துக்கு ஒருமுறை உதிரும், அப்போது அந்த எட்டடியை மட்டும் புதுப்பியுங்கள், யார் சொன்னாலும் சிமென்ட் போடாதீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மூலைகள் காய்கிற நேரத்தில் கூரையைப் பார்த்தோம். மெட்ராஸ் டெரஸ். சென்னை மாகாணத்தின் பழைய கச்சேரி, பங்களா, பள்ளிக்கூடம் எதில் தலையைத் தூக்கிப் பார்த்தாலும் இதுதான் தெரியும்: நெருக்கமாகத் தேக்குக் கட்டைகள், அவற்றுக்கு மேலே சாய்கோட்டில் ஓடும் மெல்லிய செங்கல் வரிசை. ஓர் அங்குலக் கனமே உள்ள அந்தச் செங்கல்லுக்கு அச்சுக்கல் என்று பெயர். அதைப் படுக்க வைப்பதில்லை. நெட்டுக்குத்தாக, கட்டைகளுக்குக் குறுக்கே நாற்பத்தைந்து டிகிரி சாய்வில், ஒவ்வொன்றாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். அடியில் பலகை கொடுப்பதில்லை. ஒட்டிய கல்லைக் கொஞ்ச நேரம் கையால் பிடித்திருந்தால் நிற்கும்.

நடு அறையில் மூன்று கட்டைகளின் நுனி சுவருக்குள்ளேயே மக்கியிருந்தது. முட்டுக் கொடுத்து, அந்தப் பகுதியை மட்டும் பிரித்து, இடித்த வீடு ஒன்றிலிருந்து வாங்கிய பழைய தேக்கை வைத்தோம். அச்சுக்கல் வரிசைக்கு மேஸ்திரியைத் தவிர யாரையும் விடவில்லை. நான் ஆசைக்கு ஒரு கல் வைத்தேன், விழுந்தது. இன்னொன்று வைத்தேன்; அதுவும். மூன்றாவதை அவர் வாங்கிக்கொண்டார். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாலு அங்குலம் போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சின்னத் திமிசுக்கட்டையால் மூன்று நாள் அடித்தார்கள். அடிக்க அடிக்கக் கடுக்காய்த் தண்ணீர் தெளிப்பார்கள். நாலு அங்குலம் மூன்றானது. முதல் நாள் பொத்துப் பொத்தென்று கேட்ட சத்தம் மூன்றாம் நாள் டங்கென்று மாறி, கட்டை கையிலிருந்து எகிறியது. போதும் என்றார்கள். அதற்கு மேல் இரண்டு வரிசை தட்டு ஓடு, இழைத்த சுண்ணாம்புப் பூச்சு.

கூரையில் ஒரு விஷயத்தைக் கிட்டத்தட்டக் கெடுத்திருப்பேன். உள்ளே படுக்கை மேடைக்கு நேர் மேலே மட்டும் கட்டைகளுக்கு அடியில் தட்டை இரும்புப் பட்டைகளைக் குறுக்கே அடித்திருந்தார்கள். வேறு எங்கும் இல்லை. துருப்பிடித்து அசிங்கமாக இருந்ததால் கழற்றச் சொல்லவிருந்தேன். அப்புறம்தான் மனக்கணக்குப் போட்டேன். ஒருவன் தோளில் இன்னொருவன் ஏறி நின்று கையை நீட்டினால் பன்னிரண்டு அடி எட்டும். கூரை பதிமூன்று. ஆனால் செங்கல் மேடை ஒன்றரை அடி உயரம். அதன் மேல் நின்றால் எட்டிவிடும். எட்டினால் சுண்ணாம்புச் சாந்தை ஆணியால்கூடச் சுரண்டலாம். உயரத்தைக் கூட்டுவதற்குப் பதில் மேடைக்கு மேலே பட்டை அடித்துச் செலவை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். துருவைத் தேய்த்து, பெயின்ட் அடித்து அப்படியே விட்டோம்.

கம்பி வேலை கடைசி. கதவுகளில் எட்டு நூல் சதுரக் கம்பி, அதாவது ஓர் அங்குலம். ஆறரை அடிக் கம்பி ஒன்று பத்துக் கிலோ தேறும். கதவுக்குப் பக்கத்தில் கதவு மாதிரியே ஒரு கம்பிச் சாளரம். அதன் கம்பிகள் மேலேயும் கீழேயும் கருங்கல்லில் குழி தோண்டி ஈயம் ஊற்றி நிறுத்தியவை. கீழ்நுனி துருப்பிடித்தால் பெருக்கும், பெருத்தால் கல்லைப் பிளக்கும். ஈயம் மெத்து, அந்த நெருக்கத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், தண்ணீரையும் உள்ளே விடாது. யாரோ பின்னால் மாற்றிய ஒரு கம்பியைச் சிமென்ட்டில் நட்டிருந்தார்கள். அந்த இடத்தில் மட்டும் கல் இரண்டாகப் பிளந்திருந்தது.

அதை மாற்றும்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். ஈயம் 327 டிகிரியில் உருகும். பழைய இரும்புச் சட்டியில் விறகடுப்பிலேயே உருக்கிவிடலாம். குழியை ஊதித் துடைத்துவிட்டுத்தான் ஊற்றினேன். முந்தின நாள் கழுவிய கல். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்திருக்கிறது. ஊற்றிய மாத்திரத்தில் பட்டென்று வெடித்து ஈயம் மேலே சிதறியது. முழங்கை வரை உறை, முகத்துக்குக் கண்ணாடி எல்லாம் இருந்தும் கழுத்தில் ஒரு துளி விழுந்தது. மிளகு அளவுத் தழும்பு இன்னும் இருக்கிறது. மறுநாள் குழியை புளோ லாம்ப்பால் சூடாக்கி, கை வைக்க முடியாத சூடு வந்த பிறகு ஊற்றினோம். சத்தமில்லாமல் உள்ளே இறங்கி, கண்ணாடி மாதிரிப் பளபளத்து, ஒரு நொடியில் மங்கியது. குளிர்ந்ததும் மழுங்கிய உளியால் ஓரத்தைச் சுற்றித் தட்டி இறுக்க வேண்டும். ஈயம் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும், தட்டாவிட்டால் கம்பி ஆடும்.

பூட்டு மட்டும் எனக்குப் பிடித்துப்போனது. தாழ்ப்பாள் கதவிலேயே முடிவதில்லை. நீண்ட தண்டாக வந்து, சுவரில் இரண்டடி தள்ளி வெட்டிய மாடத்துக்குள் போய் அங்கே பூட்டப்படும். அந்தமான் செல்லுலார் சிறையில் இருப்பதும் இதே யோசனைதான். கம்பிக்கு இடையில் கையை விட்டு எவ்வளவு வளைத்தாலும் பூட்டைத் தொட முடியாது. உள்ளே நின்று நானே முயன்று பார்த்தேன். நாலு விரல்கடை குறைந்தது.

ஆனால் வெளியிலிருந்து பார்த்தால்? பூட்டு ஒரு மாடத்தில், தடுப்பில்லாமல், இடுப்பு உயரத்தில். ஒரு கடப்பாரை போதும். கீல் வெளிப்பக்கம். வராந்தா ஓட்டுக் கூரை. இந்தக் கட்டடத்தின் கெட்டித்தனமெல்லாம் உள்ளே இருப்பவனை நோக்கித்தான் திரும்பியிருக்கிறது. வெளியே நிற்பவன் அரசாங்கத்துக்கு அடங்கியவன் என்று நம்பிக் கட்டியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கை 1942 ஆகஸ்டில் ராமநாதபுரம் பக்கம் திருவாடானையில் பொய்த்தது. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கைதாகி அங்கே அடைக்கப்பட்டிருந்த சின்ன அண்ணாமலையை ஊர் ஊராகத் திரண்டு வந்த மக்கள் சிறையை உடைத்து வெளியே கொண்டுவந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்டிருக்கிறேன், அவர்களால் அது எப்படிச் சாத்தியமானது என்று யோசித்ததில்லை. இந்த மாடத்தின் முன்னால் நின்றபோதுதான் அது கையால் தொடுகிற விஷயமாக ஆனது.

பிள்ளைகள் வந்து உட்காரும் அறையில் வெளியிலிருந்து மட்டும் பூட்டுகிற தாழ்ப்பாள் இருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விளையாட்டுக்கு ஒருவன் தள்ளிவிட்டால் போதும். கதவுகளை அறுக்க மனம் வரவில்லை. தண்டுகளை மட்டும் கழற்றி, கதவைச் சுவரோடு திறந்த நிலையிலேயே இருக்கும்படி கொக்கி போட்டோம். படுக்கை மேடைகளை இடிக்கச் சொன்னார்கள். இடிக்காமல் மேலே பலகை போட்டோம், உட்கார்ந்து படிக்க அளவான உயரம். அலமாரிகள் மற்ற மூன்று மூலையில். அந்த மூலை காலியாக இருக்கட்டும், சுவர் காற்று வாங்கட்டும் என்று விட்டிருக்கிறேன். ஏன் அங்கே மட்டும் ஒன்றுமில்லை என்று கேட்கிறவர்களுக்கு மேஸ்திரி ஒரு கதை சொல்கிறாராம். நாக்கு விஷயத்தைச் சொல்வதில்லை என்று கேள்வி.

தை மாதம் திறந்த அன்று ஒரு பையன், எட்டு வயது இருக்கும், சாளரக் கம்பிக்கு நடுவே கையை விட்டு அந்த மாடத்தைத் தொடப் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னத்தைக் கம்பியில் அழுத்தி, தோளை நுழைத்து, விரலை விரித்து. பாதித் தூரம்கூட எட்டவில்லை. “உள்ள என்ன சார் இருக்கு?” என்றான். ஒன்றுமில்லை, வெளியே வந்து பார் என்றேன். ஓடி வந்து, கையை மாடத்துக்குள் விட்டு, ஒரு பழைய குளவிக் கூட்டை எடுத்துக்கொண்டு போனான்.

கழற்றிய மூன்று தண்டும் என் ஷெட்டில் சாக்கில் சுற்றிக் கிடக்கின்றன. வருகிற ஐப்பசியில் ஒருமுறை போய் மூலைகளைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.